ரஹீம், சையத் அப்துல் (1909–1963)

இந்தியக் கால்பந்துப் பயிற்றுநர். ஐதராபாத்துக்காரர், பள்ளி ஆசிரியர். ரசிகர்களுக்கு 'ரஹீம் சாப்'. இவர் வளர்த்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. வீரர்கள் பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று போட்டியே நடத்தியவர்.

இந்திய அணி இவர் பயிற்சியில் 1951 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். ஆனாலும் பழைய ரசிகர்கள் ஜகார்த்தா ஆசிய விளையாட்டைத்தான் பேசுவார்கள். அதில் நியாயமும் உண்டு. 1962 செப்டம்பர் 4, தென்கொரியாவுடன் இறுதியாட்டம். தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்கள வீரராக்கினார் ரஹீம். ஜர்னைலும் பி.கே. பானர்ஜியும் கோலடிக்க, கம்பத்தடியில் தமிழர் பீட்டர் தங்கராஜ் நிற்க, 2–1 என வெற்றி. அப்போதே புற்றுநோய் ரஹீமை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூனில் காலமானார். ஆசியத் தங்கம் அதன்பின் இந்தியக் கால்பந்துக்கு வாய்க்கவில்லை. 2024இல் வெளியான 'மைதான்' இந்திப் படம் இவர் கதையே.