வலி மறந்த காலுக்கு ஒரு செருப்பு

ஆம்பூரை அடுத்த மாதனூரிலிருந்து பாலாற்றை ஒட்டிக் கிழக்கே போனால் வேலூர். அங்கே 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய வைத்தியசாலை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, 1942இல் கல்லூரியாக உயர்ந்தது. சி.எம்.சி. எனப்படும் அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பெருமை பேசுவோர் 1961இல் நடந்த திறந்த இதய அறுவை சிகிச்சையையும் 1971இல் நடந்த சிறுநீரக மாற்று அறுவையையும் சொல்வார்கள். இரண்டும் இந்தியாவில் வெற்றி கண்ட முதல் முயற்சிகள் என்று சொல்லப்படுபவை, பெரிய சாதனைகள்தான். ஆனாலும் அவை அயல்நாடுகளில் உருவான முறைகளை இங்கே கொண்டுவந்து நிலைநிறுத்தியவை. வேலூர் தானே கண்டறிந்து உலகுக்குக் கற்றுக்கொடுத்த பாடம், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் மலிந்திருந்த தொழுநோயிலிருந்து வந்தது. அந்த ஆராய்ச்சியைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானே உதிரும் என்று ஊரும் நம்பியது, வைத்தியமும் பெரும்பாலும் நம்பியது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் அதைச் சோதித்துப் பார்த்தார். செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில், மடங்கிப்போன கையுடைய நோயாளி ஒருவர் பிராண்டின் கையை இறுகப் பற்றியபோது, அந்த மடங்கிய கையில் வலுவான தசைகள் மிச்சமிருப்பதை பிராண்ட் உணர்ந்தார். உயிருள்ள தசையின் நாணை இடம் மாற்றி விரலை நிமிர்த்தும் அறுவை 1948இல் வேலூரில் நடந்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விதான் முக்கியமானது: நிமிர்த்திய கையில் மறுபடி புண் வருவது ஏன்? நோயாளிகளின் அன்றாடத்தை ஒவ்வொன்றாகத் துருவியபோது விடை கிடைத்தது. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்த கை, இரவில் எலி கடித்தும் விழிக்காத தூக்கம், கல் குத்தியது தெரியாமல் நடந்த கால். நரம்பு செத்ததால் வலி போயிற்று. வலி போனதால் காவல் போயிற்று. காயத்துக்கு ஓய்வு கொடுத்தால் அந்தச் சதை மற்றவர் சதையைப் போலவே ஆறியது.

இது வெள்ளைக்கார மிஷனரிகளின் வேலை, ஏழைகளின் உடம்பு அவர்களுக்குச் சோதனைக்கூடமாயிற்று என்று ஒரு மறுப்பு உண்டு. பணமும் தலைமையும் பெரிதும் வெளியிலிருந்து வந்தது உண்மை. அதோடு, அக்காலப் பொது மருத்துவமனைகள் தொழுநோயாளியைச் சேர்க்கவே தயங்கின. வேலூரிலும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த சி.எம்.சி.யின் இந்திய மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்தார். நோயாளிகளும் வெறும் ஆய்வுப்பொருளாக இருந்துவிடவில்லை. கை நேரானதும் பிச்சை கிடைக்கவில்லை, வேறு பிழைப்பும் தெரியவில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். அதன் பிறகு 1951இல் தொழில் கற்றுத்தரும் குடியிருப்பு எழுந்தது. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தனி ஆராய்ச்சி மையமும் வந்தது. ஆராய்ச்சியின் அடுத்த படியைக் காட்டியது நோயாளிகளின் முறையீடு.

நோயைக் கட்டுப்படுத்தியது மருந்துதானே, செருப்புக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்கலாம். 1980களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியைக் கொன்றது. செத்த நரம்பை அது மீட்டுத் தரவில்லை. குணமானவருக்கும் ஆயுள் முழுக்க உள்ளங்காலைக் காக்க வேண்டியிருந்தது. அப்படி உணர்விழந்த பாதத்துக்காக அந்த மருந்துக்கு முன்பே உருவானதுதான் நுண்துளை ரப்பர் செருப்பு. அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பும் மென்மையான உள்தளம், முள் ஏறாத கெட்டி அடித்தளம், காலைவிட்டுக் கழன்றாலும் தெரியாதென்பதால் குதிகாலுக்கு ஒரு வார். ஆணி கூடாது, ஒட்டியும் தைத்தும் முடிப்பார்கள். ஆம்பூரும் பேரணாம்பட்டும் தோலாலும் காலணியாலும் பிழைக்கும் இந்தப் பகுதியில், ஒரு செருப்பின் அடித்தளம் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொருளானது தனியாகச் சொல்லத் தக்கது. அந்தச் செருப்புக்கு ஒரு குறையும் இருந்தது: அதைப் பார்த்தாலே தொழுநோயாளி என்று ஊர் அடையாளம் கண்டது. அதனால் பலர் அணிய மறுத்தார்கள், புண்ணோடு நடந்தார்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு இழந்தவர்களுக்கும் இன்று அதே ரப்பர் செருப்பை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். முன்பு வேலி போட்டு விலக்கிய நோயாளிகளின் காலில் கற்ற பாடம் இப்போது எல்லா வீட்டுக்கும் வேண்டியதாகிவிட்டது.