பெயரை இழந்த ஊர்



முதல் உலகப்போர் பாடம் நடத்தியபோது உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஊர் ஒன்று உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரை ஒட்டிய மலைப்பகுதியில் இருக்கும் ஹான்டார்ஃப்.

பிரஷ்ய அரசர் வழிபாட்டு முறையில் தலையிட்டதை ஏற்காத லுத்தரன் குடும்பங்கள் 1838 டிசம்பர் கடைசியில் ‘ஸீப்ரா’ கப்பலில் வந்து சேர்ந்தன. வந்தவர்களை இறக்கிவிட்டுப் போய்விடாமல், அலைந்து திரிந்து நிலமும் பேசிக் கொடுத்தவர் கப்பல் தலைவர் ஹான். 1839-இல் குடியேறியவர்கள் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ‘டார்ஃப்’ என்றால் கிராமம், நம்மூர் ‘பட்டி’ மாதிரி. (அது பெராமாங்க் பழங்குடிகளின் மண் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்தப் பெண்கள் காய்கறி, வெண்ணெய், முட்டைக் கூடைகளோடு நள்ளிரவில் கிளம்பி, சுமார் 30 கிலோமீட்டர் நடந்தே அடிலெய்டு போய் விற்பார்கள். திரும்பும்போது தேவாலயம் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கல் சுமந்து வருவார்களாம்!

அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஜெர்மனியோடு போர். 1917-இல் சட்டம் போட்டு, அந்த மாநிலத்தின் ஜெர்மன் ஊர்ப்பெயர்களை மாற்றினார்கள். ஹான்டார்ஃப், ‘ஆம்பிள்சைடு’ ஆனது. அதே ஆண்டு லுத்தரன் பள்ளிகளையும் மூடினார்கள். வாத்தியாராக இருந்தவன், எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

1935-இல் கப்பல் தலைவரின் பெயர் ஊருக்குத் திரும்பியது. மர நிழல் விழும் பெரிய தெருவில், மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இன்றும் இருக்கின்றன.