ஏற்றுக்கொள்வது தோல்வியா? பர்மா தந்த பதில்



துக்க வீட்டுக்குப் போகிறோம். என்ன பேசுவது என்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்தது நடந்துவிட்டது, ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்" என்கிறோம். சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். கேட்டவர் அந்த வார்த்தையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

மன அமைதியைப் பற்றி எங்கள் கருத்துக்களத்தில் பேசிய நாளில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மகனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். "எல்லாரும் ஏத்துக்கோ, ஏத்துக்கோன்னு சொல்றாங்க தம்பி. எப்படி ஏத்துக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க," என்றார். மேடையில் இருந்த எங்கள் யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

இன்று மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் ஒரு தியானப் பயிற்சி பரவியிருக்கிறது. ஏதோ மேல்நாட்டுப் புதுச்சரக்கு என்று பலர் நினைக்கிறோம். அதன் வேரைத் தேடிப் போனால், அந்த அம்மாவின் கேள்வியையே கேட்ட சில மனிதர்கள் எதிரே வந்து நிற்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கடுகு கேட்ட தாய்

முதலில் வருபவள் கிசா கோதமி. இறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மருந்து கேட்டுப் புத்தரிடம் வந்தவள். சாவு விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் அவளை அனுப்பினார். ஊர் முழுக்க அலைந்தாள். எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது. சாவு காணாத வீடு ஒன்றுகூட இல்லை. நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "ஏற்றுக்கொள்" என்று புத்தர் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. தானே நடந்து, தானே பார்த்து வரும்படி அனுப்பினார். பின்னால் வந்த தியான முறைக்கு அடிப்படையே இந்தத் 'தானே பார்த்தல்'தான்.

அந்த முறையை விளக்குவது சதிபட்டான சூத்திரம். பாலி மொழியில் 'சதி' என்றால் நினைவோடு இருத்தல், கவனம் என்று பொருள். நம் தமிழ்ச் 'சதி'க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உடல், உணர்ச்சி, மனம், மனத்தில் எழும் விஷயங்கள் ஆகிய நான்கையும் உள்ளது உள்ளபடி கவனிப்பதே பயிற்சி. ஆனால் நெடுங்காலமாக இது பெரும்பாலும் துறவிகளின் காரியமாகவே இருந்தது. இல்லறத்தார் பிக்குகளுக்கு உணவிட்டுப் புண்ணியம் தேடினார்கள். இந்த நிலையை மாற்றிய நாடு பர்மா, இன்றைய மியன்மார்.

மன்னனை இழந்த நாடு

1885ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆங்கிலேயப் படை மாண்டலே நகரைப் பிடித்தது. கடைசி மன்னர் தீபா நாடு கடத்தப்பட்டார். அவரை முதலில் கொண்டு போன இடம் நம் சென்னைப் பட்டணம், பிறகு ரத்னகிரி. 1916இல் அங்கேயே அவர் இறந்தார்.

பர்மியருக்கு அது அரசியல் தோல்வி மட்டுமல்ல. மன்னர்தான் பௌத்தத்தின் காவலர். தீபாவின் தந்தை மிண்டோன் மன்னர், புனித நூல்கள் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் செதுக்கி வைத்தவர். காவலர் போனபின் புத்தரின் போதனையே அழிந்துவிடுமோ என்ற அச்சம் மக்களைப் பிடித்தது.

அப்போது எழுந்தவர் லெடி சயாடோ என்ற துறவி (1846-1923). மன்னர் காக்க முடியாவிட்டால் மக்கள் காக்கட்டும் என்பது அவர் வழி. உழவரும் வியாபாரியும் குடும்பப் பெண்களும் படிக்கும்படி எளிய பர்மிய மொழியில் எழுதினார். ஊர் ஊராகச் சென்று போதித்தார். துறவியர் மட்டுமின்றி இல்லறத்தாருக்கும் தியானம் கற்றுக்கொடுத்தார். முதுமையில் கண்பார்வை போனது. அதற்குப் பிறகும் தியானத்தையும் போதனையையும் அவர் விடவில்லை.

காலரா வந்த ஊர்

ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் 1873இல் பிறந்தவர் போ தெட். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பலகாரம் சுட்டு விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். கூவி விற்கப் பையனுக்குக் கூச்சம். அதனால் அவன் தட்டைத் தலையில் சுமக்க, தங்கை கூடவே நடந்து கூவுவாளாம். பின்னர் உழைத்து முன்னேறி, திருமணம் செய்து, பிள்ளைகளும் பெற்றார்.

1903ஆம் ஆண்டு ஊருக்குள் காலரா புகுந்தது. மகனையும் மகளையும் அது கொண்டு போனது. மகளின் உயிர் அவர் கைகளிலேயே பிரிந்தது என்பார்கள்.

அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மரணமில்லாத ஒன்று உண்டா என்று தேடி, மனைவியிடம் அனுமதி பெற்று வீட்டை விட்டுப் புறப்பட்டார். மலைக் குகைகள், காட்டு மடங்கள் என்று பல ஆண்டுகள் அலைந்து, கடைசியில் லெடி சயாடோவிடம் வந்து சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும் குரு அவரை ஆசிரியராக்கினார். காவி கட்டாத ஓர் எளிய விவசாயி! ஊர் திரும்பி வயலோரத்தில் தியானம் கற்பித்த அவரைத்தான் சயா தெட்ஜி என்று உலகம் அறிகிறது. பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அவர் மட்டும் வேறு மனிதராகத் திரும்பி வந்தார்.

நோயைத் தீர்க்க மறுத்த குரு

1937இல் அவரிடம் வந்தவர் ஊ பா கின் என்ற கணக்குத் துறை ஊழியர். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றபோது நாட்டின் தலைமைக் கணக்காளராக உயர்ந்தவர். தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுத்தார். 1952இல் ரங்கூனில் ஒரு தியான மையத்தையும் நிறுவினார்.

அவரிடம் 1955இல் வந்தவர் மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர் சத்ய நாராயண் கோயங்கா. கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் தீரவில்லை. தலைவலிக்காகத்தான் வந்தேன் என்றதும் ஊ பா கின் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். மனத்தைச் சுத்தம் செய்ய வருவதானால் வா, வலி குறைவது அதன் உடன்விளைவாக நடக்கலாம் என்பது அவர் நிலை. வைதிக இந்துக் குடும்பத்தில் பிறந்த கோயங்காவுக்குத் தயக்கமும் இருந்தது. மதம் மாறத் தேவையில்லை என்று தெளிந்த பிறகே பயிற்சியில் சேர்ந்தார்.

அன்பர்களே, அந்த மறுப்பில்தான் விஷயமே இருக்கிறது. வலி போக வேண்டும் என்று உட்கார்ந்தால் வலியோடு சண்டைதான் போடுகிறோம். போனால் போகட்டும், இருந்தால் இருக்கட்டும், என்னவென்று பார்க்கிறேன் என்று உட்காருவது வேறு.

இதைப் புத்தர் இரண்டு அம்புகளின் உவமையால் விளக்கினார். உடலில் பாயும் வலி முதல் அம்பு. "எனக்கு ஏன் இப்படி?" என்ற புலம்பல் இரண்டாவது அம்பு. முதல் அம்பு எல்லாருக்கும் உண்டு. இரண்டாவதை நாமே நம்மேல் எய்து கொள்கிறோம்.

கோயங்கா வழியில் பயிற்சி பத்து நாள். பேச்சு இல்லை. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும், மந்திரம் கிடையாது. பிறகு தலை முதல் கால் வரை உடலில் எழும் உணர்ச்சிகளைப் பார்க்க வேண்டும். முழங்காலில் வலி எழும். அசையாமல் கவனித்தால் அது கூடும், குறையும், இடம் மாறும். நிலையானது என்று நினைத்த வலி நிலையற்றது என்பதை அறிவுரையாகக் கேட்காமல் அனுபவமாக அறிகிறோம். சின்ன வலியில் பழகிய மனம், பெரிய வலியின் முன்னாலும் நிற்கக் கற்றுக்கொள்கிறது.

கோயங்கா 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். 1994இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே பயிற்சியில் அமர்ந்தார்கள். அவரிடமும் மற்றொரு பர்மியத் துறவியான மஹாசி சயாடோவின் வழிவந்தவர்களிடமும் கற்ற இளைஞர்கள் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். 1979இல் ஜோன் கபாட்-சின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்கு இத்தகைய தியானத்தை ஒரு பயிற்சியாக அமைத்தார். இன்றைய 'மைண்ட்ஃபுல்னஸ்' அங்கிருந்து பரவியதுதான்.

அடங்கிப் போவதா?

நியாயமான ஒரு சந்தேகம் எழும். ஏற்றுக்கொள் என்பது அநியாயத்துக்கும் தலையாட்டு என்பதாகாதா? "எல்லாம் தலைவிதி" என்று சொல்லிச் சொல்லியே நம் சமுதாயம் எத்தனை வாய்ப்புகளை விட்டிருக்கிறது!

பர்மாவே இதற்கும் பதில் சொல்கிறது. 2007ஆம் ஆண்டு எரிபொருள் விலையேற்றத்தால் மக்கள் வாடியபோது, ஆயிரக்கணக்கான பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நடந்தார்கள். கையில் ஆயுதமில்லை; அன்பைப் போதிக்கும் மெத்த சூத்திரத்தை ஓதியபடி போனார்கள். அதே நாட்டில் பின்னாளில் சில பிக்குகள் வெறுப்பைப் பரப்பியதையும், 2017இல் ரோஹிங்கியா மக்கள் லட்சக்கணக்கில் விரட்டப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. தியானம் வளர்ந்த மண் என்பதால் மட்டும் ஒரு மண் புனிதமாகிவிடாது. பயிற்சி மனிதருக்கு மனிதர் செய்ய வேண்டியது.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. 1960களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. கோயங்காவின் தொழில்களும் போயின. தமிழர்கள் பெருந்திரளாக, கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்களில் பலர் சென்னைத் துறைமுகத்தருகே நடைபாதையில் கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார். போனது போனதுதான் என்று கண்டவர்களால்தான் மறுநாள் காலையில் கடை திறக்க முடிந்தது.

நம் நாட்டிலும் பகாங்கின் கம்பாங்கில் கோயங்கா வழி மையம் இருக்கிறது; பினாங்கில் மஹாசி வழி மையம் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். கடும் மனநோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தியானம் மருந்துக்கு மாற்று அல்ல.

அன்று எனக்குப் பதில் வராத அந்த அம்மாவுக்கு, இன்று ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அம்மா, உடனே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சயா தெட்ஜிக்கும் பல ஆண்டுகள் ஆயின. அழுகை வரும்போது, அது வருகிறது என்று பாருங்கள். அடங்கும்போது, அடங்குகிறது என்று பாருங்கள். மகனை மறக்கச் சொல்லவில்லை. மகனை நினைத்துக்கொண்டே மூச்சு விட முடிகிறது என்று ஒரு நாள் தெரிய வரும். அதைத்தான் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளுதல் என்றார்கள்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது நாமும் அந்த வார்த்தையைச் சொல்லாமல், கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்துவிட்டு வருவோம்.