கோவில்பட்டி காலண்டர் ஓவியர்கள்

சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் கோவில்பட்டியில் இருந்தபடி வரைந்த சாமி படங்கள், சிவகாசி அச்சகங்கள் வழியே தென்னிந்தியப் பூஜையறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. காலண்டர் ஓவியம் என்று சற்று இளப்பமாகச் சொல்லப்படும் கலையின் தமிழக முகம் பெரும்பாலும் இவர்கள் வரைந்ததுதான்.

கொண்டையராஜு மயிலாப்பூரில் பிறந்தவர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். பிறகு துறவு நாட்டத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அங்கிருந்து வெளியே வந்தவருக்கு நாடகக் கம்பெனியில் சீன் திரைகள் வரையும் வேலை வாய்த்தது. 1942இல் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. கூட வந்தவர்கள் ஊர் திரும்ப, இவர் அங்கேயே தங்கி தேவி ஆர்ட் ஸ்டுடியோவைத் தொடங்கினார். கம்பெனி நொடித்தது கரிசல் சீமைக்கு ஆதாயமாயிற்று.

இவர் படங்களில் ரவிவர்மாவின் சாயலைச் சொல்லாதவர்கள் இல்லை. சாயல் உண்டுதான், ஆனால் நாடக மேடையின் சாயல் அதைவிடக் கூடுதல். வளைவுகளும் தூண்களும் கொண்ட மண்டபம், பின்னால் மலையோ நந்தவனமோ, நடுவே சபையை நேராகப் பார்த்து நிற்கும் தெய்வம். சீடர் டி.எஸ். சுப்பையாவுடன் சேர்ந்து வரைந்த மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பாருங்கள். மதுரைச் சிற்பங்களில் உள்ளபடி மீனாட்சி நடுவில் தலை கவிழ்ந்து நிற்க, திருமால் தாரை வார்க்க, சொக்கர் கைப்பிடிக்கிறார். பட்டின் மடிப்பும் நகையின் மினுக்கமும் நிஜக் கல்யாண வீட்டுக்கு உரியவை.

சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், எம். சீனிவாசன் எனச் சீடர்கள் பலர். கொண்டையராஜு மணம் செய்துகொள்ளவில்லை, சீடர்களே குடும்பம். பல படங்களில் குரு, சீடர் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். விக்டோரியா காலத்து லண்டனில் மரக்கட்டையில் புத்தகப் படங்கள் செதுக்கிய டால்சியல் சகோதரர்களின் வழக்கமும் இப்படித்தான். 1865இல் வந்த ஆலிஸ் கதையின் படங்களில் வரைந்த டென்னியலின் முத்திரையோடு டால்சியல் பெயரும் உண்டு. அங்கே உடன்பிறப்பு செய்ததை இங்கே குருகுலம் செய்தது.

தீப்பெட்டி லேபிளில் அச்சுத் தொழிலை வளர்த்த சிவகாசி பக்கத்திலேயே இருந்ததுதான் கோவில்பட்டியின் யோகம். கோவில்பட்டியில் தீட்டிய மூலப்படம் சிவகாசியில் லித்தோவிலும் பிற்பாடு ஆப்செட்டிலும் ஆயிரக்கணக்கில் பெருகியது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியிடுவது வழக்கம். ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். விளாத்திகுளத்து வத்தல் கமிஷன் கடைக்காரர் முருகனையோ கஜலட்சுமியையோ தேர்ந்தெடுத்தால், படத்துக்குக் கீழே அவர் கடைப் பெயர் ஏறும். வாடிக்கையாளருக்கு அது இனாம். வருஷம் முடிந்ததும் தேதித் தாளையும் கடைப் பெயரையும் வெட்டிவிட்டுப் படத்தைப் பிரேம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். கொண்டையராஜுவைப் பற்றி ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ் தம் கட்டுரைக்குத் தலைப்பே இந்தப் பிரேம் வழக்கத்திலிருந்துதான் எடுத்தார்.

குருவுக்குப் பின்னும் சீடர்கள் தனித்தனியே வரைந்தார்கள். கம்ப்யூட்டர் வந்தபின் தூரிகைக்கு வேலை குறைந்தது. பழைய படங்களே நிறம் மாற்றி, கையெழுத்து நீக்கி மறுபடி அச்சாவதும் உண்டு. ஆகவே பழைய வீட்டை இடிக்கும்போது சுவரில் புகையேறிய சாமி படம் இருந்தால், குப்பையில் போடுமுன் கீழ் மூலையைத் துடைத்துப் பாருங்கள். கொண்டையராஜு என்று எழுதியிருந்தால் பத்திரப்படுத்துங்கள்.