மலைமேல் நிலத்துக்கு என்ன ஆதாரம்?

அறக்கட்டளை ஒன்று கட்டடம் கட்டப் பொதுப்பணம் கேட்டால், விண்ணப்பத்தோடு நிலத்துக்கான ஆதாரத்தை இணைத்தாக வேண்டும். கள்ளக்குறிச்சி நகரில் இது பெரிய காரியமல்ல. சிட்டா, வில்லங்கச் சான்று, தானப் பத்திரத்தின் நகல் என்று அடுக்கிவிடலாம். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறிவிட்டால் அதே இணைப்பு பெரும்பாடு ஆகிவிடுகிறது. இது யாரோ ஒரு அலுவலரின் பிடிவாதமா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் பழைய தாள்களைப் புரட்டத் தொடங்கினேன்.

எந்தத் தாள் எந்த ஊரில் இருக்கும் என்பதே முதல் புதிர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம். 1993-க்கு முன் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு. மலையின் மேற்குப் பகுதியோ சேலம் மாவட்டக் கணக்கில் வருகிறது. ஒரே மலை, பல அலுவலகங்களின் அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. அரசாணைகளும் மாகாணக் கால நடவடிக்கைக் குறிப்புகளும் வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

மானியத்தின் தொடக்கம் கல்வித் துறையில் கிடைத்தது. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையைத் தொடர்ந்து, 1855-இல் சென்னை மாகாணம் உதவி மானிய விதிகளை வகுத்தது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கு மட்டுமல்ல, கட்டடம், மேசை நாற்காலி, புத்தகம், வரைபடம் என்று ஒவ்வொன்றுக்கும் உதவி உண்டு. முழுச் செலவையும் அரசு ஏற்காது. மீதியை நடத்துகிறவர்கள் திரட்ட வேண்டும். அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தபோதும் இதே போக்குதான்: கட்டடத்துக்கு அவர் பணம், மனையை ஊர் தர வேண்டும், ஆண்டுதோறும் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஊரே பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். கொடுப்பவர் அரசானாலும் செல்வந்தரானாலும், மண்ணை மட்டும் பெறுகிறவர் கொண்டுவர வேண்டும்.

அந்த மண்தான் கல்வராயனில் யாருக்கு உரியது? 1906-இல் வெளிவந்த டபிள்யூ. பிரான்சிஸின் தென்னாற்காடு கெசட்டியர் விடைக்கு வழி காட்டியது. மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. தென்னாற்காட்டுப் பக்கம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஜாகீர்கள். சேலம் பக்கம் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். மலையாளிப் பழங்குடியினர் உழுத நிலத்துக்கு வரி ஏர்க்கணக்கில் போனது. ஏரை எண்ணி வாங்கும் வரிக்கு அளந்த நிலம் தேவையில்லை. அளக்காத நிலத்துக்குப் பட்டாவும் கிடையாது. 1963-ஆம் ஆண்டின் இனாம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இந்த ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது 1976-இல்தான். கீழே சமவெளியில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டட மானியம் வாங்க முடிந்தது. மேலே அதைக் கேட்பதற்கான முதல் தாளே அதுவரை பிறக்கவில்லை. என் தேடலில் மனத்தை மிகவும் அழுத்திய இடம் இது.

1976-க்குப் பிறகாவது தீர்ந்ததா என்றால், குறுக்கே காடு நிற்கிறது. மலையின் பெரும்பரப்பு காப்புக்காடு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கி, 2016-இல் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே நகர்ந்தது. அப்படிக் கிடைத்த பத்திரத்தின் உரிமை வாரிசுகளுக்குப் போகும். விற்கவோ கைமாற்றவோ முடியாது என்கிறது பிரிவு 4(4). பழங்குடியினரின் நிலம் பறிபோகாமல் காக்க அந்த வரி அவசியம், அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் விரும்பினாலும் தன் நிலத்தில் ஐந்து சென்ட்டை விடுதிக்கோ மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுக்க முடியாது என்பதும் அதே வரியின் விளைவு.

அதே சட்டத்தின் பிரிவு 3(2)-ஐப் பலமுறை படித்தேன். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இவற்றோடு, அந்த வசதிகள் அரசு நிர்வகிப்பவையாக இருக்க வேண்டும். தொண்டு நிறுவனம் வெளியே நிற்பது இந்த நிபந்தனையால்தான்.

நிலம் கேட்காத உதவியும் உண்டு. பழங்குடியினருக்காகப் பணியாற்றும் தன்னார்வ அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு 1953-54 முதல் நடத்திவரும் மானியத் திட்டத்தில் நடமாடும் மருந்தகமும் இடம்பெறுகிறது. வண்டிக்குப் பட்டா வேண்டாம். ஆனால் பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கு இரவில் தேவைப்படுவது ஒரு கட்டிலும் கூரையும்.

கடைசியாக எடுத்துப் பார்த்தது நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியின் வழிகாட்டு நெறிகளை. பதிவுபெற்ற சங்கங்களுக்கும் டிரஸ்டுகளுக்கும் இதில் கட்டடம் கட்டித் தரலாம், எம்.பி.யோ அவர் குடும்பத்தாரோ அதன் நிர்வாகத்தில் இருக்கக் கூடாது. நிலம் அறக்கட்டளையிடமே இருக்கலாம், எழும்பும் கட்டடமோ அரசின் சொத்து. நடத்தும் செலவும் பராமரிப்பும் அறக்கட்டளையின் பொறுப்பு. இதற்கு முறையான ஒப்பந்தம் உண்டு.

இதையும் பிரிவு 3(2)-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் வழி தெரிந்தது. கட்டடம் எப்படியும் அரசுடைமை என்றால், மலையில் அறக்கட்டளையின் பெயரில் நிலம் தேடி அலைய வேண்டியதே இல்லை. கிராம சபைத் தீர்மானத்தோடு கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியமே மாவட்ட வன அலுவலரிடம் இடம் கேட்கட்டும். கட்டடமும் நிர்வாகப் பொறுப்பும் ஒன்றியத்திடம் இருக்கட்டும். அன்றாடச் சேவையை மட்டும் அறக்கட்டளை ஒப்பந்தத்தின்பேரில் செய்யட்டும். சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் இதைச் செய்ய முடியும் என்பது என் வாசிப்பு. கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் பற்றிய கேள்விகளோடு இந்த நிலக் கேள்வியையும் அங்கே வைக்க வேண்டும்.