செய்யாற்றுப் படுகையில் நீர் இறைப்பும் எரிசக்தியும்: ஒரு வரலாற்று ஆய்வு

தூய எரிசக்தி பற்றிய விவாதம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மின் நிலையங்களின் வாசலிலேயே நடந்து வந்திருக்கிறது. 2011-இல் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து நின்றதும், எண்ணூரின் சாம்பல் கழிவு பற்றி எழுந்த குரல்களும், முப்பந்தல் காற்றாலைகளும் 2016-இல் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் பூங்காவும் பெற்ற பாராட்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. அணுவா, நிலக்கரியா, காற்றா, வெயிலா என்று கேட்கும்போது, அந்த மின்சாரம் எந்த வேலைக்காகத் தேவைப்படுகிறது, அந்தத் தேவை எப்படி உருவானது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களின் பாசன வரலாற்றை வைத்து அந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காவாந்தண்டலம் போன்ற செய்யாற்றுப் பகுதி ஊர்களில் மின்சாரத்தின் முதன்மையான வேலைகளுள் ஒன்று நிலத்தடி நீரை மேலே கொண்டுவருவது. அந்த வேலையே ஏறத்தாழ இல்லாமல் நெல் விளைந்த நிலம் இது.

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்கள் ஓடி, மற்ற நாட்களில் மணலாகக் கிடக்கும் ஆறு. அந்தச் சில வார நீரை ஆண்டு முழுவதற்கும் பிடித்து வைக்கும் அமைப்பாகவே இப்பகுதியின் ஏரிகள் உருவாயின. உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. அதைத் தூர் வாரக் கொடுத்த அறக்கொடைகளைக் கல்வெட்டுகள் பதிவு செய்கின்றன. முதலாம் பராந்தகனின் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால், அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஊராட்சியின் தலையாய வேலைகளுள் ஒன்றாக நீர் நிர்வாகம் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

ஏரிப் பாசனத்தில் ஆற்றல் செலவு மூன்று இடங்களில் மட்டுமே: வரத்துக்காலைச் செப்பனிட, கரையைக் கட்ட, தூர் வார. மதகைத் திறந்தால் மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஊருக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டி முறை வைத்துப் பாய்ச்சுவார். இந்தச் செலவுக்கு ஊரில் தனி நிதியும் இருந்தது. 1763-இல் ஆர்க்காடு நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு ஊர் ஊராகக் கணக்கெடுத்தது. வரலாற்றாய்வாளர் தரம்பால் கவனப்படுத்திய அந்தக் கணக்குகளில், விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். காலனிய வருவாய் ஏற்பாடு அந்தப் பங்கை விழுங்கியது. பணத்தை எடுத்துக்கொண்ட அரசு, உழைப்பைக் கட்டாயமாக்க 1858-இல் ஒரு சட்டமும் போட்டது. ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து அந்த நூற்றாண்டிலேயே நலிந்ததற்கு மக்களின் சோம்பலைக் காரணமாக எழுதி வைத்த அதிகாரிகளை நான் ஏற்கவில்லை. நிதியைப் பறித்துவிட்டு மண்வெட்டியை மட்டும் கையில் கொடுத்தால் யார் வருவார்?

கிணறு அப்போதும் உண்டு. ஏரி வற்றும் கோடையில் ஏற்றமும் கவலையும் துணைக்கு வந்தன. கவலையில் மாடுகள் பின்னோக்கி நடக்க சால் இறங்கும், முன்னோக்கி நடக்க நீரோடு மேலேறும். ஒரு ஜோடி மாடு நாள் முழுவதும் இறைத்தாலும் பாயும் நிலம் சொற்பம். இந்த வரம்பே நிலத்தடி நீருக்கு இயற்கையான காவலாக இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். அதே சமயம், இறைப்பவரின் முதுகும் மாட்டின் கழுத்தும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும் உரிமை, கவலை ஓட்டாத யாருக்கும் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண அரசுக்காகப் பணியாற்றிய பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் கவலையும் ஏற்றமும் எவ்வளவு நீர் இறைக்கின்றன என்று அளந்து பார்த்து, எண்ணெய் இன்ஜினால் ஓடும் பம்புகளைப் பரப்ப முனைந்தார். வசதியுள்ள சிலரே அதை வாங்க முடிந்தது. பெரிய மாற்றம் மின்சாரத்தோடுதான் வந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும் மேட்டூர் 1937-இலும் இயங்கத் தொடங்கின. 1951-இல் மாநிலத்தில் சுமார் 14 ஆயிரம் மின் பம்புசெட்டுகள் இருந்தன. 1957-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தபின் கம்பிகள் கிராமங்களை நோக்கி விரைந்தன. இன்று பம்புசெட்டுகளின் எண்ணிக்கை 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு வரலாற்று உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைப் பம்புசெட்டுகள் பெருமளவு நீர்மின்சாரத்தில் ஓடின. இன்றைய அளவுகோலில் அது கரியில்லாத மின்சாரம். ஆனால், பருவமழை பொய்த்த ஆண்டில் அணையும் வற்றும், கிணற்று நீர் கூடுதலாகத் தேவைப்படுவதும் அதே ஆண்டில்தான். பெருகும் தேவைக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி (1962), எண்ணூர் (1970) என்று அனல் நிலையங்கள் வந்தன. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984-இலும் இரண்டாவது 1986-இலும் மின் உற்பத்திக்கு வந்தன. முதல் உலை 2018 ஜனவரியிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. தூய மூலத்தில் தொடங்கிய ஒரு பயன்பாடு, தன் பெருக்கத்தாலேயே கரி மூலத்துக்குத் தள்ளப்பட்ட கதை இது. மூலத்தை மாற்றினால் போதும் என்போர் இந்தக் கட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மின் கட்டணமும் கதையின் போக்கைத் தீர்மானித்தது. 1970-இல் யூனிட்டுக்கு 8 காசு 10 காசாக உயர்ந்தபோது, கோவைப் பகுதியில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் கிளர்ந்தனர். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். தொடர்ந்த போராட்டங்களின் பின் 1984-இல் சிறு உழவர்களுக்கும், 1990-இல் எல்லா உழவர்களுக்கும் மின்சாரம் இலவசமானது. உயிர் கொடுத்துப் பெற்ற அந்த உரிமையை வெறும் மானியச் சுமை என்று எழுதுவது அநீதி. ஆயினும் அதன் விளைவைப் பதிவு செய்யாமலும் இருக்க முடியாது. 1960-61-இல் தமிழ்நாட்டில் ஏரிப் பாசனம் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல், கிணற்றுப் பாசனம் 6 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. நாற்பது ஆண்டுகளில் முதலாவது பாதியை நோக்கிச் சரிந்தது, இரண்டாவது இரு மடங்குக்கு மேல் போனது. சொந்தப் போர்க்கிணறு உள்ளவருக்கு ஏரிக் கரை உடைந்தால் உடனடி இழப்பு இல்லை. ஏரி வாரியத்தின் இடத்தை ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி பிடித்துக்கொண்டது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2003-இல் இயற்றிய சட்டமும் 2013-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆழத்துக்கும் கரிக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் நவரைப் பருவ நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் என்று கொண்டால் சுமார் 4,850 கன மீட்டர். பம்பின் மொத்தத் திறன் 40 விழுக்காடு என வைத்தால், 10 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்க ஏறத்தாழ 330 யூனிட் ஆகும். 40 மீட்டருக்குப் போனால் 1,320 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்ற தோராயத்தில், அதே நெல்லுக்கு 230 கிலோவாக இருந்த உமிழ்வு 920 கிலோவாகிறது. ஏரி நிறைந்து, மதகு நீர் பாய்ந்து, ஊறிய நீரால் கிணற்று மட்டமும் உயர்ந்தால் இந்தக் கணக்கின் பெரும்பகுதி எழவே எழாது. நின்ற நீரில் நெல் வயல் மீத்தேன் விடுவதும் உண்மைதான். அதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் பழைய முறையே நல்ல மருந்து, அதற்கும் முறை வைத்துப் பாய்ச்சும் ஊர் ஒழுங்கு வேண்டும்.

பருவநிலை மாற்றம் இந்தக் கணக்கைக் கடுமையாக்குகிறது. 2015 டிசம்பரில் பெருவெள்ளம். அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. மழை இப்படிக் கொட்டியும் காய்ந்தும் வரும் காலத்தில் பிடித்து வைக்கும் கொள்ளளவுதான் முதல் தேவை. இப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் கீழிருந்து வந்த ஏரிகள் மட்டும் 381. 2017 மார்ச்சில் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மணிமங்கலம் ஏரியில் தொடங்கிவைத்தது சரியான தொடக்கம். ஆனால், அந்தச் செலவை எரிசக்திக் கொள்கையின் ஒரு பகுதியாக யாரும் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

இனி சூரிய பம்புகள். 2019-இல் ஒன்றிய அரசின் குசும் திட்டமும், அதையொட்டி மாநில மானியமும் வந்தபின் இவை பரவுகின்றன. பருவத்தோடு பொருத்திப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டுக் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், அது சொர்ணவாரி நெல் பருவத்துக்கு உதவும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான நவரையில் காற்று படுத்துவிடும், வெயில் இருக்கும். இராவில் மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருந்து பாம்பு பூச்சிக்கு நடுவே மோட்டார் போடும் தொல்லையும் நீங்கும். எனினும், மின் இணைப்பில்லாத தனி சூரிய பம்பு பகலெல்லாம் செலவின்றி ஓடும். ஆழத்து நீரை உறிஞ்ச அதற்குத் தடை எதுவும் இல்லை.

குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் வேறு வழி காட்டப்பட்டது. பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு உழவர்கள் கூட்டுறவு அமைத்து, பம்புக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின் வாரியக் கம்பிக்கு விற்றார்கள். இறைக்காத நீருக்கும் அங்கே வருமானம் உண்டு. செய்யாற்று ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஏரி நிறைந்திருக்கும் சம்பாப் பருவத்தில் மதகு நீரே பாயும்போது, தகடுகள் தரும் மின்சாரம் அத்தனையும் விற்பனைக்கு. ஏரி நன்றாக இருந்தால் விற்பனை கூடும், கரை உடைந்தால் குறையும். அந்த வருமானத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டு உழவர் சங்கத்தின் பெயரில் தூர் வாரலுக்கும் வரத்துக்காலுக்கும் ஒதுக்கினால், பர்னார்டின் கணக்கில் காணும் ஏரிப் பங்கு இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பின் ஊருக்குத் திரும்பும். இதற்கு வேண்டியவை மூன்று: விவசாய இணைப்புகளுக்கு மீட்டர், அது இலவச மின்சாரத்தைப் பறிப்பதற்கல்ல என்ற எழுத்துப்பூர்வமான உறுதி, மின் வாரியமும் நீர்வளத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து போடும் ஊர்வாரிக் கணக்கு. முதல் சோதனைக்கு, ஏரி வாரியம் இருந்த உத்திரமேரூர் வட்டாரத்தில் நல்ல நிலையிலுள்ள ஓர் ஏரியையும் தூர்ந்துபோன ஓர் ஏரியையும் எடுத்து, மூன்று நவரைப் பருவங்களுக்குக் கிணற்று மட்டத்தையும் யூனிட்டையும் அருகருகே அளந்து பார்க்கலாம்.