ஓட்டுக் கேட்காத ஜட்ஜும் கடைசிப் பட்டனும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் போன் செய்தான். "மாமா, இங்கே ஜட்ஜுக்கும் ஓட்டுப் போடோணுமாமுங்க! ஊரெல்லாம் போர்டு வெச்சிருக்காங்க" என்றான். சரித்திரம் படித்தவன் என்பதால் அதற்கும் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டும்! அன்று அவனிடம் சொன்னதையே சற்று விரிவாக இந்த மலருக்கு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் எல்லா நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கும் முறையை முதலில் கொண்டுவந்த மாநிலம் மிசிசிப்பி. ஆண்டு 1832. பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ராஜாவுக்கும் கவர்னருக்கும் தலையாட்டாத நீதிபதி வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தேர்தல் என்றால் செலவு உண்டே! 2004ல் மேற்கு வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு பிரெண்ட் பெஞ்சமின் என்பவர் போட்டியிட்டு ஜெயித்தார். அவருக்கு ஆதரவாக ஒரு நிலக்கரிக் கம்பெனித் தலைவர் சுமார் 30 லட்சம் டாலர் செலவு செய்தார். அந்தக் கம்பெனி மீது 5 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு ஒன்று இருந்தது. அப்பீல் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. பெஞ்சமின் விலக மறுத்தார். 3க்கு 2 என்ற கணக்கில் கம்பெனி ஜெயித்தது. 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என்று சொன்னது. அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்தான்!

நம் நாட்டில் நீதிபதிக்கு ஓட்டு இல்லை. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம்தான் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. அதை மாற்றி ஆணையம் அமைக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தை 2015ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. "மூடிய அறைக்குள் தேர்வு நடக்குது" என்ற குறை இன்றும் உண்டு.

அந்த முறையில் மேலே போனவர்தான் நம் கொங்குச் சீமையின் பி. சதாசிவம். பவானிப் பக்கம் காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் 1949 ஏப்ரல் 27 அன்று பிறந்தார். அப்போது பவானி, அவிநாசி இரண்டுமே கோயமுத்தூர் ஜில்லாதான். அவர் குடும்பத்தில் அவர்தான் முதல் பட்டதாரி. சிவகாசியில் பி.ஏ., சென்னையில் சட்டம். 1973ல் வக்கீலாகப் பதிவு செய்தார். அரசு வக்கீலாக இருந்து, 2001ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2007ல் பஞ்சாப்–ஹரியானா, அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம். 2013 ஜூலை 19 அன்று இந்தியாவின் 40ஆவது தலைமை நீதிபதி. பதஞ்சலி சாஸ்திரிக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த தமிழ்நாட்டுக்காரர் இவர்தான்.

ஒரு ஓட்டுக்கூடக் கேட்காமல் வந்த இவர் தலைமையிலான அமர்வுகள்தாம் நம்முடைய ஓட்டையே மாற்றின. 2013 ஜூலையில், இலவச டி.வி. போன்ற வாக்குறுதிகள் சட்டப்படி லஞ்சம் ஆகாது, ஆனாலும் நேர்மையான தேர்தலின் வேரை ஆட்டுகின்றன என்று சொல்லி, தேர்தல் கமிஷனை விதிமுறை வகுக்கச் சொன்னது ஒரு தீர்ப்பு. அக்டோபரில், ஓட்டுப் போட்டதைக் காகிதச் சீட்டில் காட்டும் கருவி படிப்படியாக வர வேண்டும் என்றது இன்னொன்று. இன்று ஏழு விநாடி கண்ணில் பட்டு மறைகிறதே, அந்தச் சீட்டுதான்.

நடுவில் செப்டம்பர் 27 அன்று வந்ததுதான் நோட்டா தீர்ப்பு. அதுவரை 49ஓ என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்குங்களா? யாருக்கும் ஓட்டு இல்லை என்றால், பூத் அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, கையெழுத்தும் போட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுகள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன ஊரில் யாருக்கு அந்தத் தைரியம் வரும்? மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004ல் போட்ட வழக்கு அது. வேண்டாம் என்று சொல்பவனுக்கும் ரகசியம் உண்டு என்று ஒன்பது வருஷம் கழித்துத் தீர்ப்பானது. கடைசிப் பட்டன் வந்தது.

இனி நம்ம ஊர்க் கதை. அவிநாசி இருப்பது திருப்பூர் மாவட்டத்தில், ஆனால் எம்.பி. தேர்தலுக்கு நாம் நீலகிரி. 2014 தேர்தலில் அந்தத் தொகுதியில் ஒரு தேசியக் கட்சியின் வேட்புமனு தள்ளுபடியானது. எண்ணிப் பார்த்தபோது நோட்டாவுக்கு 46,559 ஓட்டு! இந்தியாவிலேயே அந்த வருஷம் அதிகம் விழுந்தது நம் தொகுதியில்தான். பவானிக்காரர் திறந்த கதவில் அதிகம் பேர் நுழைந்தது நம் பக்கம். ஆனாலும் நோட்டா எத்தனை வாங்கினாலும், வேட்பாளர்களில் முதலில் வருபவரே எம்.பி. குரலுக்கு மதிப்பு உண்டு, பலன் இல்லை என்று சிலர் சொல்வது இதனால்தான்.

புகழ மட்டும் எழுதினால் அது சரித்திரம் ஆகாது. 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்றவர், செப்டம்பரில் கேரள கவர்னர் ஆனார். தலைமை நீதிபதியாக இருந்தவர் ஒருவர் கவர்னரானது அதுவே முதல் தடவை. சட்டத்தில் தடை இல்லை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு அரசு தரும் பதவியை நீதிபதி ஏற்கலாமா என்று வக்கீல்கள் பலர் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. அங்கே நீதிபதி வரும் வழியில் பணம் நிற்கிறது, இங்கே போகும் வழியில் பதவி நிற்கிறது. இரண்டு வாசலுக்கும் காவல் வேண்டும்.

அக்கா மகன் கடைசியாகக் கேட்டான்: "அப்ப எதுதானுங்க மாமா நல்ல முறை?" நான் சொன்னேன்: "மாப்ளே, ஆளை யார் தேர்ந்தெடுத்தாங்கன்னு மட்டும் பார்க்காதே. அவர் எழுதின தீர்ப்பைப் படி. படிக்கிற ஜனம் இருந்தால்தான் எழுதறவங்களுக்குப் பயம் இருக்கும்."

சட்டக் கல்லூரிக்குப் போகும் எண்ணம் உள்ள தம்பி, தங்கைகள் நோட்டா தீர்ப்பிலிருந்தே தொடங்கலாம். பெரிய ஊரில் பிறக்க வேண்டியதில்லை என்பதற்குக் காடப்பநல்லூரே சாட்சி. அடுத்த சந்திப்பில் பார்ப்போமுங்க.